கழுத்தில் கட்டிய கோழி

மலேசியாவில், தெலுக் பங்லிமா காராங்கில் கம்பத்துக் கோழி, அதாவது நாட்டுக்கோழி, வளர்த்த ஓர் அங்கிளிடம்தான் நான் முட்டை வாங்குவேன். அவர் நாயைத் தொட்டால் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவுவார். காவலுக்கு வாங்கிய குட்டி ஒருநாள் ஒரு கோழியைக் கடித்துக் கொன்றுவிட்டது. செத்த கோழியைக் குட்டியின் கழுத்திலேயே கம்பியால் கட்டிவிட்டார். ஈ மொய்த்தது. நாற்றத்தில் குட்டி தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"அவுத்து விடுங்க அங்கிள், பாவம்" என்றேன்.

"அழுகி அதுவா விழட்டும் லா. அப்பத்தான் புத்தி வரும்."

அடுத்த தடவை முட்டை வாங்கப் போனபோது, குட்டியின் கழுத்தில் கோழி இல்லை. அதன் தட்டிலிருந்த சோற்றைக் கோழிகள் கொத்திக்கொண்டிருந்தன. விலா எலும்பு தெரிய, குட்டி நடுங்கியபடி தள்ளி நின்றது.

"பாத்தியா, என் தங்கம்!" என்று அதன் தலையைத் தடவிக் கொடுத்தார். அன்றைக்குக் கைகூடக் கழுவவில்லை.

அந்தப் பாசம் பொய்யில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் குமட்டுகிறது.