மீதியை மறுத்தார்

கறுப்பு டேப்பைப் பல்லால் கடித்து அறுக்கக் கூடாது. விளிம்பு பிசிறும், பிசிறு வழியே வெளிச்சம் கசியும், கசிந்தால் பாடம் கெட்டுப்போகும். அதனால் கத்தரிக்கோலால் நேராக வெட்டி, பிளாஸ்டிக் பாதுகாப்புக் கண்ணாடியின் இரண்டு வில்லைகளிலும் இடது பாதியை மட்டும் மூடி, நகத்தால் நீவி ஒட்டினாள். முடிந்ததைத் தானே போட்டு எதிர்ச் சுவரைப் பார்த்தாள். கடிகாரத்தில் பன்னிரண்டிலிருந்து ஆறு வரை இருந்தது. மற்ற பாதியைக் காணோம். கழற்றி வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். மொத்தம் எட்டு வேண்டும்.

"என்ன ஏனக்கா, கூட்டமா வெல்டிங் வேலைக்குக் கிளம்புறீங்களா?" என்றார் சமையல்காரர், அடுக்களை வாசலில் நின்றபடி.

"ஆமா. உங்க சாப்பாட்டை வெட்டத்தான்."

அறுபது கட்டில்கள் கொண்ட அந்த முதியோர் இல்லத்தில் எதற்கெடுத்தாலும் 'ஏன்' என்று கேட்டே அவள் ஏனக்கா ஆனாள். இருபது வருடம் முன்பு சலவை அறையில் சேர்ந்தவள். படுக்கை விரிப்புகளைத் துவைக்கும்போது சில விரிப்புகளில் மட்டும் தினமும் ஒரே இடத்தில் கறை இருப்பதைக் கண்டாள். ஏன் என்று கேட்டாள். உனக்கெதுக்கு, துவைக்கிற வேலையைப் பார் என்றார்கள். அந்தக் கட்டில்களில் இருந்தவர்களை யாரும் புரட்டிப் படுக்க வைக்கவில்லை என்பதை அவளாகவே கண்டுபிடித்தபோது ஒருவருக்கு முதுகில் புண் எலும்பைத் தொட்டிருந்தது. அன்றைய கோபம்தான் அவளைப் படிக்க வைத்தது. நர்சுகள் கழித்துப்போட்ட பாடப் புத்தகங்களை அகராதி வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தாள். பிறகு வார்டுக்கு வந்தாள். பதிவேட்டில் இன்றைக்கும் உதவியாளர்தான். ஆனால் புதிதாக யார் வந்தாலும் முதல் வாரம் அவளிடம்தான் அனுப்புவார்கள்.

இப்போதைய கோபம் பதினாலாம் கட்டிலைப் பற்றியது. அங்கே இருப்பவர் லாரி ஓட்டியவர். எல்லோருக்கும் டிரைவர் ஐயா. பக்கவாதத்தில் இடது கையும் காலும் விழுந்துவிட்டன. விழுங்குவதில் கோளாறில்லை என்று பரிசோதித்து எழுதியிருந்தார்கள். ஆனாலும் மூன்று வாரத்தில் நாலு கிலோ இறங்கிவிட்டார். வெள்ளிக்கிழமை டாக்டர் வந்ததும் மூக்கு வழியாகக் குழாய் போடுவதாக ஏற்பாடு. மகள் கையெழுத்துப் போட வேண்டிய தாள்கூட மேலாளர் மேசையில் தயாராக இருந்தது.

திங்கட்கிழமை மதியம் அவருடைய தட்டை எடுக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். தட்டில் கோடு கிழித்ததுபோல் இருந்தது. வலது பாதி வழித்துச் சாப்பிட்டுச் சுத்தமாக இருந்தது. இடது பாதியில் விரல் பட்ட தடம்கூட இல்லை. தட்டை அரை வட்டம் திருப்பி வைத்தாள்.

"அட, இன்னும் வச்சிருக்கியா?" என்றார் அவர். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகுதான் அவருடைய சாப்பாட்டுச் சார்ட்டை எடுத்தாள். 'பாதி சாப்பிட்டார். மீதியை மறுத்தார்.' இருபத்து நாலு நாளாக, ஒன்பது பேர் கையெழுத்தில், வேளை தவறாமல் அதே வாக்கியம். முதல் ஆள் எழுதியதைப் பார்த்து இரண்டாம் ஆள், அவரைப் பார்த்து மூன்றாம் ஆள். ஆறாம் நாள் இரவு வேளைக்கு எதிரே இருந்தது அவளுடைய கையெழுத்து. யாரைத் திட்டுவது?

நேராக மேலாளர் அறைக்குப் போனாள்.

"அவர் மறுக்கவே இல்ல சார். தட்டுல இடது பக்கம்னு ஒண்ணு இருக்கிறதே அவருக்குத் தெரியல. மூளையில அடிபட்ட இடம் அப்படி. எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டணும். வீட்டுக்காரங்களையும்."

"போன மாசம்தானே பயிற்சி நடத்தினோம்? ரெண்டு மணி நேரம் படம் போட்டுக் காட்டினாங்களே."

"முதியோரிடம் அன்பாப் பேசுங்கன்னு காட்டினாங்க. அன்பாத்தான் சார் பேசினோம். அன்பாப் பேசிக்கிட்டே பட்டினி போட்டிருக்கோம்."

"வார்த்தையைப் பார்த்துப் பேசும்மா. பாடம் நடத்த நீ என்ன படிச்சிருக்க?"

"இருபத்து நாலு நாள் சார்ட்டைப் படிச்சிருக்கேன். நீங்க படிச்சீங்களா?"

வேலை போய்விடும் என்றுதான் அங்கே நின்றிருந்த தலைமை நர்ஸ் நினைத்தார். முந்திக்கொண்டு, "நாளைக்கு மதியச் சாப்பாட்டு நேரத்துல அரை மணி எடுத்துக்கட்டும் சார், நான் பொறுப்பு," என்று சொல்லி அவளை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார். "உன் வாய் இருக்கே வாய்!" என்று முதுகில் ஒன்று வைத்தார்.

செவ்வாய் மதியம் சாப்பாட்டு அறையில் எட்டுப் பேர் கண்ணாடியோடு உட்கார்ந்தார்கள். ஆறு பேர் ஊழியர்கள். ஒருவர் வேறொரு கட்டில்காரரின் மருமகன். கடைசி இருக்கையில் டிரைவர் ஐயாவின் மகள். தையல் கடையிலிருந்து அரை நாள் விடுப்பு கேட்டு வந்திருந்தாள்.

"தலையைத் திருப்பக் கூடாது. நேராப் பார்த்துச் சாப்பிடுங்க," என்றாள் ஏனக்கா. கண்ணாடி போட்ட பிறகே தட்டுகள் வந்தன.

கட்டில்களைத் தனியாளாக நகர்த்தும் உதவியாளன் ஒருவன் உண்டு, பயில்வான் என்று பெயர். முதலில் முடித்தவன் அவன்தான். "காய் எனக்கு மட்டும் இல்லையா? ஆள் பார்த்துப் பரிமாறுறீங்களா மாஸ்டர்?" என்று சமையல்காரரிடம் சண்டைக்குப் போனான்.

"உனக்கு வச்சது பத்தலைன்னு என்னைக்குச் சொல்லாம இருந்த?" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை. புதிய சார்ட் ஒன்றை எடுத்து, எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிக்கொண்டே எழுதினாள்: "பாதி சாப்பிட்டார். மீதியை மறுத்தார்."

"நான் எங்கக்கா மறுத்தேன்?"

அவன் தட்டை அரை வட்டம் திருப்பினாள். காய் அங்கே இருந்தது.

ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் தட்டைத் தாங்களே திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

"இதுகூட முழுசா அவரோட நிலைமை இல்ல," என்றாள் அவள். "உங்களுக்கு ஏதோ மறைக்குதுன்னு தெரியும். தலையைத் திருப்பினாப் போதும். அவருக்குத் திருப்பணும்னே தோணாது. அந்தப் பக்கம் அவருக்கு உலகமே இல்ல. நாம அதுக்கு 'அடம்'னு பேர் வச்சோம். நானும்தான் வச்சேன்."

மகள் கண்ணாடியைக் கழற்றவில்லை. "அக்கா, நான் வந்தா எப்பவும் ஜன்னல் பக்க நாற்காலியிலதான் உட்காருவேன். அது அப்பாவுக்கு இடது பக்கம். மூணு வாரமா என் முகத்தை ஏறெடுத்துப் பார்க்கலை. இல்லத்துல கொண்டுவந்து விட்டுட்டேன்னு கோபம்னு நினைச்சேன். வீட்டுக்குப் போய் அழுவேன். நேத்து வரமாட்டேன்னே சொல்லிட்டேன். இதை யாருமே எனக்குச் சொல்லலையே. ஏன் சொல்லலை?"

ஏனக்கா அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"சொல்லத் தெரியலைம்மா. அதுதான் உண்மை," என்றாள். "எழுந்து வா."

பதினாலாம் கட்டிலுக்கு வலது பக்கம் நாற்காலியைப் போட்டு மகளை உட்கார வைத்தாள்.

"எப்ப வந்த பாப்பா?" என்றார் அப்பா.

அன்று மாலையே வேலை தொடங்கியது. சாப்பாட்டுப் பலகையின் இடது ஓரத்தில் சிவப்பு டேப் ஒட்டி, அந்தச் சிவப்பு தெரிகிற வரை தேடிப் பார்க்க அவருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பாதி சாப்பிட்டதும் தட்டைத் திருப்ப வேண்டும். பழைய சார்ட்டில் 'மறுத்தார்' என்று எழுதத்தான் இடம் இருந்தது. எந்தப் பக்கம் மிஞ்சியது என்று காட்ட இடமே இல்லை. அவள் தாளில் வேளைக்கு ஒரு வட்டம் வரைந்து நடுவே கோடு போட்டாள். மிஞ்சிய இடத்தை நிழலிட வேண்டும், அவ்வளவுதான். இரவு வேளையை மகள் ஊட்டாமல் பக்கத்தில் இருந்து பார்த்துத் தானே குறித்தாள்.

வெள்ளிக்கிழமை காலை டாக்டர் வந்தபோது எட்டு வட்டங்கள் ஆகியிருந்தன. ஒன்றில் மட்டும் ஓரமாகச் சிறு நிழல்.

"இந்தத் தாளை யார் அனுமதிச்சது?" என்றார் மேலாளர்.

டாக்டர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. வட்டங்களைப் பார்த்தார், எடையைப் பார்த்தார், டிரைவர் ஐயாவின் இடது பக்கம் நின்று கையை ஆட்டினார், வலது பக்கம் வந்து ஆட்டினார். "குழாய் வேண்டாம். இப்படியே தொடரட்டும், அடுத்த வாரமும் எடை பாருங்க," என்றார். வெளியே வந்ததும், "இங்கே இன்னும் எத்தனை பேர் சார்ட்ல 'மறுத்தார்'னு இருக்கு?" என்று கேட்டார்.

மேலாளர் தலைமை நர்ஸைப் பார்த்தார். தலைமை நர்ஸ் ஏனக்காவைப் பார்த்தார்.

"பதினேழு பேர் டாக்டர்," என்றாள். "அத்தனை பேருக்கும் இதே காரணம் இருக்காது. ஒருத்தருக்குப் பல்செட் உராயுது. ஒரு அம்மாவுக்கு ஸ்பூன் பிடிக்க வரலை, கேட்க வெட்கம். மத்தவங்களுக்கு என்னன்னு தெரியாது. யாரும் பார்க்கலை."

அன்று பகல் வேலை முடிந்தும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. பெயரும் கட்டில் எண்ணும் எழுதி, ஒரு டம்ளரைக் கவிழ்த்து வட்டங்கள் வரைந்து, ஒவ்வொன்றிலும் அளவுகோல் வைத்துக் கோடு போட்டாள். அடியில் இரண்டு விரல் அகலம் வெற்றிடம் விட்டு, அதற்கு மேல் 'ஏன்?' என்று எழுதினாள். பதினேழாவது தாள் முடிந்தபோது பயில்வான் மாலை வேலைக்கு வந்து கை கழுவிக்கொண்டிருந்தான்.

"இந்த வெற்றிடத்துல என்னக்கா எழுதணும்?"

"பார்த்ததை எழுது. தெரியலைன்னா தெரியலைன்னு எழுது. மறுத்தார்னு மட்டும் எழுதின, கையை உடைச்சிடுவேன்."

அவன் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நீட்டினான். அவள் பதினேழு தாளையும் கொடுத்தாள்.