பதினொரு தடவை விழுந்த பள்ளம்

'சனி, காலை 10.20. கருவி கைக்கு வந்தது. பட்டரி முழு சார்ஜ். வானம் மூட்டம்.'

என் குறிப்பேட்டில் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. வானத்துக்கும் வீடியோ கேமுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். எதையும் இப்படி எழுதித்தான் எனக்குப் பழக்கம்.

கருவி என்னுடையதில்லை. மச்சான் ரவியுடையது. சீகிரியாவில் ஹோட்டல் வேலை. லீவில் மாத்தளைக்கு வந்தவன், உள்ளங்கை அகலத்தில் ஒரு கேம் கன்சோலை நீட்டினான். அந்தக் காலத்து டீவி கேம் எல்லாம் அதற்குள் ஓடுமாம். விலை குறைந்த ரகம்.

"ஏழு நாளைக்குள்ள வாங்குன கடைக்கே திருப்பி அனுப்பலாம் மச்சான். நீங்கதான் எதையும் நோண்டி நோண்டிப் பாப்பீங்களே. வச்சிருந்து பாத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னா சரி."

மறுநாளே பஸ் ஏறிவிட்டான். நீங்க சொன்னா சரி! அந்த ஒரு வார்த்தைக்காகவாவது நான் நேர்மையாக இருந்திருக்க வேண்டும்...

ஆனால் ரவி என் அத்தை மகன். சின்ன வயதில் டீவி கேம் இருந்தது அவன் வீட்டில்தான். அங்கே ஒரே சட்டம் — செத்தால் கைமாற்ற வேண்டும். அவன் சாகவே மாட்டான்! காத்திருந்தே என் பள்ளி விடுமுறைகள் முடிந்தன. இப்போதும் புதுசு அவன் கையில்தான். எரியாதா எனக்கு?

குறை தேடினேன். பெட்டியில் பத்தாயிரம் கேம் என்று போட்டிருக்கிறது. உள்ளே ஒரே கேம் ஒன்பது பெயரில் கிடக்கிறது. ஸ்பீக்கர் சரியாக வலது உள்ளங்கைக்குக் கீழே — பிடித்தால் சத்தம் அமுங்கிப் போகிறது. திரை? பளிச்சென்று இருந்தது. அதையும் எழுதினேன், சின்ன எழுத்தில்.

பிறகு அந்த ஓடித் தாவும் கேம். மூன்றாவது கட்டத்தில் ஒரு பள்ளம். பட்டனை அழுத்தினேன். ஆள் தாவாமல் விழுந்தான். மறுபடியும் விழுந்தான். பதினொரு தடவை! 'தாவும் பட்டன் தாமதம்' என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டேன்.

என் மனைவி கலா, ரவியின் அக்கா, வெங்காயம் உரித்த கையோடு வந்தாள்.

"செத்தாச்சில்ல? இங்க குடுங்க."

முதல் தாவலிலேயே தாண்டிவிட்டாள்.

"ஒனக்கு எப்படி...?"

"முறைக்கு அடிச்சிக்கிட்டு ரெண்டு பேரும் வாசல்ல உருண்டுக்கிட்டிருந்தீங்களே... அப்ப உள்ள யாரு வெளையாடுனதாம்?"

அவள் தாண்டியதை மட்டும் நான் எழுதவில்லை. தெரிந்தே ஒரு பதிவை விட்டது அதுதான் முதல் தடவை.

வியாழன் மாலை ரவி போனில் கூப்பிட்டான்.

"என்ன மச்சான், வச்சுக்கவா?"

"ஜம்ப் லேட்டுடா."

"அப்படியா? எனக்குத் தெரியலையே... சரி, நீங்க சொன்னா சரி. நாளைக்கே அனுப்பிருங்க."

பொறாமைக்காரன் பொய்யே சொல்ல வேண்டியதில்லை. எழுதியதில் பாதியை வாசித்தால் போதும்.

'வெள்ளி, காலை 9.05. பார்சல் போய்விட்டது.'

வீட்டுக்கு வந்ததும் கலா கேட்டாள். "அதுக்குள்ளயா? நாலாவது கட்டம் வரைக்கும் வந்திருந்தேங்க..."

தாமதம் பட்டனிலா, என் கட்டைவிரலிலா? சரிபார்க்கக் கருவி கையில் இல்லை. இன்றுவரை உறுதியாகவில்லை.