மகள் பெயரில் வந்த மெயில்

போன வருடம் சித்திரை மாதத்து அமாவாசை அன்று நடந்தது. செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ், ஆன்லைன் வேலைகளுக்காக ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். மேல்மலையனூருக்குப் போகிற கூட்டம் ரோடு முழுக்க. அந்த நெரிசலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த ஒருவர், கடை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். சட்டை முழுக்க வேர்வை. சிங்கவரத்திலிருந்து வருவதாகச் சொன்னார்.

“பாப்பா, எம் பொண்ணு போட்டோ அனுப்பிச்சிருக்குது. தொறக்க மாட்டேங்குது. இன்னான்னு பாரேன்” என்று போனை நீட்டினார்.

அவருக்கு வந்த மெயிலில், அனுப்பியவர் என்ற இடத்தில் ஒரு பெண்ணின் பெயர். கீழே ஆங்கிலத்தில் இரண்டே வரி. அதற்கும் கீழே, போட்டோக்களைப் பார்க்க இங்கே அழுத்தவும் என்று நீல எழுத்து. அவர் வீட்டிலேயே அதை அழுத்தியிருக்கிறார். ஏதோ ஓர் ஆப்பைப் போனில் ஏற்றலாமா என்று கேட்டபடி திரை நின்றிருந்தது.

எனக்குச் சந்தேகம் வந்தது. “பொண்ணு எங்க இருக்காங்கய்யா? ஒரு போன் போட்டு, அவங்கதான் அனுப்புனாங்களான்னு கேட்டுடலாம்” என்றேன்.

“அது உசுரோட இல்லம்மா. தை மாசம் காய்ச்சல்ல பூட்டுது.”

அவரே தொடர்ந்து பேசினார். “மெட்ராஸ்ல வேலை பாத்துச்சு. அப்பவே அனுப்பி இருக்கும். எங்க ஊர்ல டவர் சரியா கெடைக்காது. அதான் இப்ப வந்து சேந்திருக்குது போல.”

பெயரைத் தொட்டு, அதன் பின்னால் இருக்கும் முகவரியைப் பார்த்தேன். வாயில் நுழையாத எழுத்தும் எண்ணுமாக, யாரோ எங்கிருந்தோ அனுப்பியது. ஒருவரின் மெயிலில் உள்ள முகவரிகளைத் திருடி, அவருக்குத் தெரிந்தவர்களுக்கு அவர் பெயரைப் போட்டே இப்படி அனுப்புவார்கள். அந்தப் பெயருக்கு உரியவர் இருக்கிறாரா, போய்விட்டாரா என்று அவர்களுக்கு என்ன கவலை?

எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. மெதுவாகக் கேட்டேன். “பொண்ணு உங்கள எப்டிய்யா கூப்புடுவாங்க?”

“நைனான்னுதான்.”

“இதுல ‘டியர் பிரெண்ட்’னு போட்டிருக்குதுய்யா.”

அவர் போனை வாங்கி, மகளின் பெயரைத் தவிர வேறெதுவும் படிக்கத் தெரியாத அந்த ஆங்கில எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தார். “அது பேரு இருக்குதே” என்றார். குரல் இறங்கியிருந்தது.

பெயரை யாரும் போட்டுக்கொள்ளலாம், இது வைரஸ், ஏற்றிவிட்டால் போனில் இருப்பதெல்லாம் அவர்கள் கைக்குப் போய்விடும், அழிந்தும் போகலாம் என்றேன். சட்டென்று போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். “அப்ப அது பேசி அனுப்புனதெல்லாம்?”

வாட்ஸ்அப்பில் மகளின் குரல் பதிவுகள் இருந்தன. நல்லவேளை, அந்த ஆப் இன்னும் போனில் ஏறியிருக்கவில்லை. குரல்களையும் போட்டோக்களையும் ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்தேன். சரியாக ஏறியதா என்று பார்க்க ஒன்றை ஓடவிட்டேன். “நைனா, சாப்டியா? மாத்திரை போட்டுக்கினியா?” என்று கடைக்குள் அந்தப் பெண் கேட்டாள். ஜெராக்ஸ் எடுக்க நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். உடனே நிறுத்திவிட்டேன்.

“இந்த மெயில அழிச்சிடலாமாய்யா?”

அவர் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்படியே தலையை மட்டும் ஆட்டினார். அழித்தேன்.

கிளம்பாமல் ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தார். “ஊட்டுல அவங்கம்மா காத்துக்கினு கெடக்குது. பொண்ணு போட்டோ வந்திருக்குதுன்னு சொல்லிட்டு வந்தேன். இப்ப போயி இன்னான்னு சொல்லுவேன்?”

நான் பேசுகிறேன் என்று போனை வாங்கினேன். எடுத்ததும் அந்தம்மா, “இன்னா, தொறந்துச்சா?” என்றார். நான் யார் என்று சொல்லி, முடிந்த அளவு எளிமையாக விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“அப்ப, அது அனுப்பலியாம்மா?”

“இல்லம்மா.”

“அந்த மனுசன் வெயில்ல சைக்கிள மிதிச்சிக்கினு வந்திருக்குது. கொஞ்சம் தண்ணி குடுத்து அனுப்பும்மா” என்றார்.

தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, பென் டிரைவைச் சட்டைப் பைக்குள் வைத்து, மேலே தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார். அந்தக் கூட்டத்தில் அவர் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேராசைப்படுகிறவர்கள்தான் இந்த மாதிரி மெயில்களில் மாட்டுவார்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். இப்போதெல்லாம் ஒரு மெயிலைத் திறந்து தரச் சொல்லி யாராவது போனை நீட்டினால், முதலில் அனுப்பிய முகவரியைப் பார்க்கிறேன். அப்புறம், நீட்டியவரின் முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன்.