பாஷை தெரியாதவள்

தொண்ணூற்றாறில் கல்யாணமாகி, ராஜபாளையத்திலிருந்து மட்டாஞ்சேரிக்கு வந்த மறுநாளே ஸ்வர்ணலதாவை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனான் அவள் கணவன் வெங்கிடராமன். சைவ ஹோட்டலில் சமையல் மாஸ்டர். கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. சாயங்காலம் வரும்போது மல்லிகைப்பூவும் சூடு ஆறாத வடையும் கொண்டுவருவான்.

“பாஷை தெரியாதவ வெளிய போய் எங்கயாவது மாட்டிக்கிட்டா எங்க தேடுவேன்? முதல்ல பாஷை வரட்டும்” என்பான்.

மாடியில் ஒரே அறை, ஒரே ஜன்னல். கீழே குறுகலான சந்தில் இஞ்சி மூட்டை ஏற்றிய கைவண்டிகள் போகும். எதிர் ஜன்னலில் ரஜிதா தையல் மிஷின் மிதித்துக்கொண்டிருப்பாள். கம்பியைப் பிடித்தபடியே நிற்கும் பெண்ணைப் பார்த்துப் பார்த்து அவளுக்கே பொறுக்கவில்லை. ஒருநாள் துணி காயப்போடும் கழியில் பையை மாட்டி நீட்டினாள். உள்ளே அவள் மகளின் ஒன்றாம் வகுப்புப் புத்தகமும், அட்டை கிழிந்த மலையாள நாவல் ஒன்றும்.

“வாயிச்சு படிச்சோ மோளே.” வாசித்துக் கற்றுக்கொள் என்கிறாள் என்பது மட்டும் புரிந்தது.

எழுத்து பழகவே ஒரு மழைக்காலம் போயிற்று. நாவலோ தெரிந்த முகம் காட்டி ஏமாற்றியது. கதாநாயகி லீலம்மாவுக்குப் ‘பனி’ என்று வந்தது. கதை நடப்பது தேயிலைத் தோட்டமாயிற்றே, பனி பெய்யத்தானே செய்யும் என்று நினைத்தாள். வைத்தியர் வந்தார், கஞ்சி கொடுத்தார்கள், நெற்றியில் ஈரத்துணி போட்டார்கள். பனி என்றால் காய்ச்சல் என்று அத்தியாயம் முடியும்போதுதான் புரிந்தது. தனியே உட்கார்ந்து சிரித்தாள். திரும்ப முதலிலிருந்து படித்தபோது லீலம்மாவுக்காக அழுகை வந்தது.

கழியில் நாவல்கள் வந்து போயின. நன்றாகப் படித்தபின் கணவனிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று, பூட்டுத் திறக்கும் சத்தம் கேட்டதும் புத்தகத்தை அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்துவிடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுக்கொண்டிருந்தவனுக்கு ஒரு பக்கத்தைத் தடங்கலில்லாமல் வாசித்துக் காட்டினாள். “எனக்கு பாஷை தெரியும்ங்க. இனிமே பூட்ட வேண்டாம்.”

அவன் கை சோற்றிலேயே நின்றது. “யாரு சொல்லிக் கொடுத்தா?”

“நானாத்தான் படிச்சேன். எதிர்வீட்டு சேச்சி புஸ்தகம் தந்தாங்க.”

“எனக்குத் தெரியாமயா? பாஷையும் தெரிஞ்சவளை எந்த நம்பிக்கையில வெளிய விடுறது?”

மறுநாள் அவன் ஜன்னலின் கீழ்ப்பாதியில் பலகை அடித்துவிட்டு, கதவையும் பூட்டிக்கொண்டு போனான்.

ஸ்வர்ணலதா முக்காலியில் ஏறி, பலகைக்கு மேலாகக் கத்தினாள். “என்னை இவிடெ நின்னு மோசிப்பிக்கணம்!”

விடுவிக்க வேண்டும் என்பதற்கு நாவலில் எழுதும் சொல் அது. சந்தில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. கைவண்டிக்காரர்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். அவள் அதையே திரும்பச் சொன்னாள். குரல் உடைந்தது. சிரிப்பு அடங்கிவிட்டது.

ரஜிதா இரும்புக்கடை ஷாஜியைக் கூட்டிவந்து பூட்டை உடைக்க வைத்தாள். பெண்கள் இருவரும் படகுத்துறை வரை நடந்தார்கள். வழியிலிருந்த கடைப் பலகைகளையெல்லாம் ஸ்வர்ணலதா வாய்விட்டுப் படித்தாள். எர்ணாகுளம் போகும் படகு வந்து நின்றது.

“கேறுன்னோ?” என்று கேட்டாள் ரஜிதா.

ஏறலாம். அக்கரையில் இறங்கி யார் வீட்டுக்குப் போவது? படகு கிளம்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றவள், “அவரு வர்ற நேரமாச்சு சேச்சி” என்று திரும்பிவிட்டாள்.

சந்து முழுக்கப் பேச்சானதால் அதற்குப்பின் வெங்கிடராமன் பூட்டவில்லை. வேலை முடிந்து வந்ததும், செருப்பைக் கழற்றுமுன் கேட்பான்: “இன்னைக்கு எங்க போன? யாருகூடப் பேசின?”

வருஷக்கணக்காகக் கேட்டான். படித்துக்கொண்டிருந்த பக்கத்தில் விரலை வைத்தபடியே அவளும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.