நாலு சக்கர வண்டி உண்டா?

வீடு வீடாகப் போய் "உங்களுக்கு இந்தச் சலுகை தேவையா?" என்று கேட்பதைப் போல வாங்கிக் கட்டிக்கொள்ளும் வேலை வேறில்லை. வாக்காளர் பட்டியல் சரிபார்க்க அலைந்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் என் கட்சி! ஹைதராபாத் லாலாகுடாவில் ரேஷன், பென்ஷன் பட்டியலிலிருந்து தகுதியில்லாதவர்களை நீக்கும் ஒப்பந்த வேலை எனக்கு. கையில் டேப்லெட், அதில் கேள்விகள்.

இஞ்சின் எங்கே?

இட்லி விற்கும் முருகேசனிடம், "நாலு சக்கர வண்டி இருக்கா?" என்றேன். "ஹவ் மேடம், ஆமா, இருக்கே!" என்று பெருமையாகத் தள்ளுவண்டியைக் காட்டினார். சிரித்துக்கொண்டே தவறுதலாக 'ஆம்' மேல் விரலை வைத்துவிட்டேன். திரை சிவந்தது: தகுதியில்லை. என் டேப்லெட்டில் திருத்த வழியில்லை. மூன்று குழந்தைகள் சாப்பிடும் அரிசி!

"வண்டியோட ஆபீசுக்கு வாங்க" என்றேன். தெருவே பின்னால் வந்தது. மேலதிகாரி இறங்கிவந்து, "இஞ்சின் எங்கேய்யா?" என்றார். "நான்தான் சார்!" என்றார் முருகேசன். கூட்டம் கைதட்டியது. பெயரை அப்போதே திரும்பச் சேர்த்த அதிகாரி, "அடுத்த தடவை இல்லைன்னு சொல்லு" என்றார். முருகேசன் விழித்தார்: "நாலும் கண்ணெதிரே நிக்குது, எப்படி சார் இல்லேங்கறது?"

காலியான இடம்

அதே தெரு ஜெயந்தி அக்கா என்னைத் தேடி ஓடிவந்தார். மகனுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்த சந்தோஷம். "ரேஷன் பட்டியல்ல என் பேரை அடிச்சிடு. பக்கத்து வீட்டு ஷகீலா பேரைப் போடு." ஷகீலா மனு போட்டுவிட்டு நெடுநாளாகக் காத்திருப்பவர்.

தானாக விட்டுக்கொடுக்கிற ஒருவரைப் பார்த்துவிட்டேன் என்று எனக்கு ஒரே குஷி. ஆனால் நீக்க மட்டும்தான் எனக்கு அதிகாரம், சேர்க்க இல்லை. சொன்னதும் அக்காவுக்கு வந்ததே கோபம்! "ரயில்ல சீட் காலியானா வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கறவங்களுக்குக் குடுக்குறாங்க. இங்க மட்டும் சீட்டையே பிடுங்கிட்டுப் போவீங்களா?"

என் வீடு

ஒருநாள் பட்டியலில் அம்மா பெயர். விதவை பென்ஷன், மகள் அரசு வேலையில் இருப்பதாகப் புகார். அந்த மகள் நான்! ஆறு மாத ஒப்பந்தம் எப்படி அரசு வேலையாகும்? ஆனால் திரையில் 'ஒப்பந்தம்' என்ற கட்டமே இல்லை. அம்மா எதிரே உட்கார்ந்து கேள்விகளைப் படித்தேன்.

"உள்ளதை எழுது" என்றாள். வேறு கட்டம் இல்லாததால் 'ஆம்' என்று போட்டேன், பென்ஷன் நின்றது. மறுநாளே மேல்முறையீடு செய்தோம். இரண்டு மாத அலைச்சலுக்குப் பிறகு பென்ஷன் திரும்ப வந்தபோது வீட்டில் நான் போட்ட சந்தோஷக் கூச்சல் மாடிவரை கேட்டிருக்கும். அம்மா மட்டும் அமைதியாகக் கேட்டாள்: "எழுதத் தெரிஞ்ச மகள் இல்லாதவங்க என்னடி பண்ணுவாங்க?"

எதைக் குறைக்கலாம் என்று அரசாங்கம் என்னைக் கேட்டால், முதலில் அந்த டேப்லெட்டில் இருக்கும் கேள்விகளைக் குறைக்கச் சொல்வேன்.