பதிவு அலுவலகத்தில் ஒரு பிடி அட்சதை

கெட்டிமேளம் இல்லாமல் ஒரு கல்யாணம் எப்படி நடக்கும் என்று பார்க்கத்தான் நான் சாட்சிக் கையெழுத்துப் போடவே ஒப்புக்கொண்டேன். உண்மையை மறைப்பானேன்!

தொண்ணூறுகளின் தொடக்கம். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டும் வேலை எனக்கு. பக்கத்தில் உட்காரும் செல்விக்கும் சூளையில் வேலை பார்த்த குமாருக்கும் பதிவுத் திருமணம். சாதி வேறு என்பதால் இரண்டு வீட்டாரும் வரவில்லை. குமாரின் நண்பர்கள் இருவரோடு நானும் முந்தானையில் அட்சதை முடிந்துகொண்டு போனேன்.

அதிகாரி ஒரு தாளை நீட்டினார். குமார் படித்து முடித்ததும், "உங்களைக் கணவராக ஏற்கிறேன்" என்று செல்வி முணுமுணுத்தாள்.

"எனக்குக் கேக்கலம்மா. சத்தமா சொல்லுங்க."

அவள் நிமிர்ந்து சொன்னாள். அடுத்த அறையில் தட்டச்சுச் சத்தம்கூட நின்றது. பிறகு எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். நான் அட்சதையைக் கையில் எடுத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"சார், இதை எப்ப போடணுங்க?"

"ரெண்டு பேரும் வாயால சொன்னாங்களே, அப்பவே கல்யாணம் முடிஞ்சிபோச்சும்மா" என்று சிரித்தார் அதிகாரி.

என் கல்யாணத்தில் தாலி ஏறிய அந்த நேரம் கெட்டிமேளம் காதைப் பிளந்தது. நான் வாய் திறந்திருந்தாலும் யாருக்கும் கேட்டிருக்காது.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம், "நம்ம கல்யாணத்தன்னிக்கு என்னைச் சம்மதமான்னு கேட்டிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்?" என்றேன்.

டீ டம்ளரைக் கீழே வைத்தார். "என்ன சொல்லியிருப்ப?"

பதினோரு வருஷம் கழித்துக் கேட்கிறார். உடனே பதில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.