கடித்துப் பார்த்து விற்றவர்

பாண்டி பஜாரில் ஒரு பொம்மைக் கடையில் அவர் வேலை செய்தார். ஒல்லியான ஆள், காதில் ஒரு பென்சில். எதையும் தானே பயன்படுத்திப் பார்க்காமல் விற்கமாட்டார். நான் போனபோதுகூட ஒரு காரைத் தரையில் ஓட்டிக்கொண்டிருந்தார். நல்ல சிவப்புக் கார், பேரனுக்கு வாங்கியிருக்கலாம், போகட்டும்.

எங்கள் நாய் ஜிம்மி, வீசி எறிந்தால் பறக்கும் தட்டை எகிறிப் பிடிக்கும். பழைய பிளாஸ்டிக் தட்டு விரிசல் விட்டு, ஜிம்மியின் ஈறைக் கிழித்துவிட்டது. "இனிமே தட்டு கிடையாது, கட்டிப் போடும்மா" என்றான் மகன். முடியாது என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

கடை முதலாளி பளபளப்பான தட்டு ஒன்றை நீட்டினார். "ஃபாரின் சரக்கும்மா. உடையாதுன்னு அட்டையிலயே எழுதியிருக்கு, பாருங்க." எனக்குத்தான் படிக்கத் தெரியாதே.

அந்த ஒல்லி ஆள் அதை வாங்கித் தடவிப் பார்த்தார். "இன்னா மொதலாளி, ஓரம் கத்தி மாறி கீது. நாய் அட்டையவா படிக்கும்?" என்றவர், ஒரு ரப்பர் தட்டை எடுத்து, சட்டையில் துடைத்து, நறுக்கென்று கடித்தார்.

"யோவ், எச்சி பண்ணிட்டியே. இனி எவன் வாங்குவான்?" என்றார் முதலாளி.

"நாய்க்கு வாய்தான கை? கடிச்சாத்தான் தெரியும். இந்தாம்மா, பல்லு நோவாது, பிய்யவும் பிய்யாது."

"அந்தக் கடிச்சதையே குடுங்க" என்றேன்.

ஜிம்மி இன்றும் அதைத்தான் பிடிக்கிறது. கட்டிப் போடச் சொல்வதை மகன் விட்டுவிட்டான். தட்டு முழுக்கப் பல் தடம். அதில் அவருடையது எது என்று தேடிப் பார்ப்பேன். அவரை இன்னும் வேலையில் வைத்திருக்கிறார்களோ என்னவோ. எங்கே இருந்தாலும் கடித்துப் பார்த்துத்தான் விற்பார்.